சனசமூக நிலையச் சுவரில் கரிக்கோடுகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில், தண்ணீரூற்றிலிருந்து குமுளமுனைப் பக்கம் போகும் வீதியோரம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய மண்டபம் இருக்கிறது. அறுபது அடி நீளம், இருபத்துநான்கு அடி அகலம். பதின்மூன்றரை அங்குலத் தடிப்பில் செங்கற்சுவர், பனங்கைமரங்கள், கள்ளிக்கோட்டை ஓடு, முன்விறாந்தையில் எட்டுப் பாலைமரத் தூண்கள். 1950களின் தொடக்கத்தில் ஊரவர்களே கட்டியது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950இல் இயங்கத் தொடங்கிவிட்டாலும் சீமெந்தை அள்ளிச் செலவழிக்க அன்று எங்களவர்களிடம் வசதி இருக்கவில்லை. தளத்துக்கு மட்டுமே சீமெந்து வாங்கினார்கள். குளத்தடிக் களிமண்ணில் கல்லறுத்து, ஊரிலேயே சூளை வைத்துச் சுட்டு, அதே களிமண்ணைச் சாந்தாக்கிக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். இந்த விவரத்தை நாங்கள் முன்பே பொருட்படுத்தியிருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

இந்த மண்டபத்தில்தான் நான் பத்திரிகை வாசிக்கப் பழகினேன். கோவலன் கூத்துக்கு இரவிரவாக ஒத்திகை நடந்ததும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு மோர் கரைத்ததும், வெள்ளக் காலத்தில் பதினைந்து குடும்பங்கள் தங்கியதும் இங்கேதான். 2008 மார்கழியில் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2011இல் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரையின் மேற்குப்பாதி விழுந்து கிடந்தது. சுவரெல்லாம் எறிகணைச் சிதறல் பட்ட குழிகள். ஆனால் நின்றது. ஊரில் கூரையின் ஒரு பாதியாவது மிஞ்சிய கட்டடங்களை விரல்விட்டு எண்ணலாம், அதில் இதுவும் ஒன்று. மறுவருடம் ஓர் உதவி நிறுவனம் மேற்குப்பாதிக்குத் தகரம் போட்டு, வெளிச்சுவர் முழுவதையும் சீமெந்தால் பூசி, மண்டபத்தைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சீமெந்துத் தளமும் இட்டுத் தந்தது. நல்ல மனத்தோடு செய்த வேலை. நாங்களும் கைகட்டி நின்று நன்றி சொன்னோம்.

பத்து வருடத்துக்குள் சுவரின் அடிப்பகுதி பொரிந்து கொட்டத் தொடங்கியது. உட்பக்கம் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்தது. முன்பள்ளிப் பிள்ளைகள் சுவரில் சாய்ந்தால் சட்டையில் செங்கற்பொடி ஒட்டும். இடித்துவிட்டுக் கொங்கிறீற்றில் மாடிக் கட்டடம் எழுப்பினால் பணம் தருவதாக வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் சிலர் சொன்னார்கள். இளைஞர்களில் பாதிப்பேர் அதற்கு ஆதரவு. கூட்டத்தில் நான் கேட்டது ஒன்றுதான்: புதுக் கட்டடத்தில் வெடிப்பு விழுந்தால் அதை ஊரில் யார் திருத்துவது? இந்த மண்டபத்தின் கல்லும் மண்ணும் மரமும் எங்கள் ஊரிலேயே கிடைப்பவை, திருத்தும் கைகளும் இங்கேயே இருந்தன. அந்தக் கைகள் அற்றுப்போகும் முன் ஒருமுறை முயன்று பார்ப்போம் என்றேன். ஒரு வருடத் தவணை தந்தார்கள்.

நோய் எதுவென்று தெரியாமல் மருந்து போடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். கூரை ஒழுகுவதால்தான் சுவர் ஊறுகிறது என்று எல்லோரும் நம்பினார்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்சுவரில் ஈரம் ஏறி நிற்கும் விளிம்பைக் கரித்துண்டால் கோடிட்டு, பக்கத்தில் திகதி எழுதினேன். நான்கு சுவர்களிலும் பன்னிரண்டு இடங்கள். மார்கழிக்குள் சுவர் முழுவதும் கரிக்கோடுகள் ஏணிப்படிபோல் ஏறியிருந்தன. தை மாதத்தில் பத்து நாட்கள் தொடர்ந்து வெயில் எறித்தது. அப்போதுதான் உண்மை தெரிந்தது. கூரையிலிருந்து இறங்கிய ஈரம் நான்கு நாளில் காய்ந்துவிட்டது. அடியிலிருந்து ஏறிய ஈரமோ ஓர் அங்குலமும் இறங்கவில்லை. மேற்குச் சுவரில் அது மூன்றடி இரண்டு அங்குலத்தில் அப்படியே நின்றது.

நீர்மட்டக் குழாய் பிடித்து அளந்தோம். கட்டியபோது அத்திவாரக் கட்டு நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்ந்து நின்றிருக்கிறது. வீதிக்குக் கிறவல் கொட்டிக் கொட்டி நிலம் உயர்ந்து, அதன்மேல் சீமெந்துத் தளமும் ஏறி, மேற்குப் பக்கத்தில் இப்போது நான்கு அங்குலமே மிச்சம். கூரைத் தண்ணீர் தளத்தில் விழுந்து சுவரில் தெறிக்கிறது. தளத்துக்கும் சுவருக்கும் இடையிலான வெடிப்பால் அத்திவாரத்துக்குள் இறங்குகிறது. களிமண் சாந்து அதைக் குடிக்கிறது. பழைய சுண்ணாம்புப் பூச்சு என்றால் சுவர் குடித்த நீரை வெயில் நேரத்தில் வெளியே விட்டுவிடும். சீமெந்துப் பூச்சு விடாது. போக வழியில்லாத நீர் மேலே மேலே ஏறி, எங்கே பூச்சு பலவீனமோ அங்கே வெளியேறுகிறது. நீர் போன பின் உப்பு உள்ளே தங்கிப் பளிங்காகிக் கல்லைப் பிளக்கிறது. சீமெந்து கல்லைவிடக் கடினம் என்பதால் பூச்சு முழுசாக நின்றது, பின்னால் செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது. அலவாங்கால் ஒரு தட்டுத் தட்டினால் பலகைபோல் பூச்சு கழன்று விழும். பின்புறம் கையளவு தடிப்பில் சிவப்புத் தூள்.

ஆகவே முதல் வேலை கூரையும் அல்ல, பூச்சும் அல்ல. மாசியில், அறுவடை முடிந்த கையோடு, சிரமதானமாகச் சீமெந்துத் தளத்தை உடைத்து அகற்றினோம். சுவரிலிருந்து நான்கடி தள்ளி வடிகால் தோண்டி, சுவரோரம் உயர்ந்தும் வடிகாலை நோக்கிச் சரிந்தும் இருக்கும்படி நிலத்தைச் செதுக்கினோம். சுவரடியில் ஒரே நேரத்தில் பத்தடிக்கு மேல் திறக்கவில்லை. அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மண்வெட்டி போகவும் விடவில்லை. வடமேற்கு மூலையில் ஒரு தம்பியின் மண்வெட்டி துருப்பிடித்த உருளையான ஒன்றில் முட்டியது. எல்லோரையும் வீதிக்கு அனுப்பிவிட்டு, கயிறு கட்டி, பொலிஸாருக்கு அறிவித்தோம். வந்து எடுத்துக்கொண்டு போகும் வரை மூன்று நாட்கள் வேலை நின்றது. கண்ணிவெடி அகற்றிய காணிதான். இருந்தாலும் வன்னியில் நிலத்தைத் தோண்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்தே தோண்ட வேண்டும். எதையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம்.

சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகக் கழற்றியது சலிப்பான வேலை. இருபத்திரண்டு நாட்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை.

கூரை வேலை பங்குனியில். தகரத்தை இறக்கினோம், மிஞ்சிய ஓடுகளையும் இறக்கினோம். மண்டபம் முழுவதற்கும் ஏறத்தாழ 2,900 ஓடுகள் வேண்டும். இறங்கியவை, இடிபாடுகளில் பொறுக்கி மதிலோரம் அடுக்கி வைத்திருந்தவை எல்லாம் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம். அவற்றில் எது நல்லது என்று பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஓட்டை இடக்கையில் தொங்கவிட்டு வலக்கை விரல்மொழியால் தட்ட வேண்டும். நல்ல ஓடு கோயில் மணியின் கடைசி ஒலிபோல் கிண்ணென்று நீளும். மயிர் வெடிப்பு இருந்தால் ஒலி சட்டென்று செத்துவிடும். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். அவள் கழித்த ஓடுகளில் இருபதைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்தோம். இருபதிலும் வெடிப்பு ஈரக்கோடாகத் தெரிந்தது. அதன் பிறகு சந்தேகமான ஓடெல்லாம் அவளிடமே போயின. 1,740 தேறின.

மிச்ச ஓடுகள் பரந்தன் வீதியால் லொறியில் வந்தன. இடித்த பழைய வீடொன்றின் ஓடுகள். இங்கே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வெவ்வேறு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. அச்சில் இரண்டு மில்லிமீற்றர் வேறுபாடு போதும், விளிம்புக் கவ்வல் உட்காராது, மழைச்சாரல் உள்ளே வரும். ஆகவே எங்கள் பழைய ஓடுகள் வீதி பார்த்த முன்சரிவுக்கும் மிஞ்சியவை பின்சரிவின் ஒரு முனைக்கும், வாங்கியவை பின்சரிவின் மற்ற முனைக்கும் என்று பிரித்தோம். இரண்டு இனமும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு வரிசையைச் சாந்து வைத்து அடைத்தோம். ஓடு கொளுவும் சிலாகைகளின் இடைவெளியையும் யாரோ சொன்ன அளவில் வைக்கக் கூடாது. பதினொரு ஓடுகளை நிலத்தில் கோத்து, முதல் ஓட்டின் கீழ்விளிம்பிலிருந்து கடைசி ஓட்டின் கீழ்விளிம்பு வரை முதலில் நெருக்கித் தள்ளி அளந்து, பிறகு இழுத்துப் பிடித்து அளந்து, இரண்டுக்கும் நடு அளவைப் பத்தால் பிரித்தால் உங்கள் ஓட்டுக்குரிய இடைவெளி கிடைக்கும். எங்கள் பழைய ஓட்டுக்குப் பன்னிரண்டரை அங்குலம் வந்தது. வாங்கியதற்கு அதைவிடக் கால் அங்குலம் கூட.

கைமரங்கள் நாற்பத்து நான்கு. முதிர்ந்த பனையின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. எழுபது வருடத்துப் பனங்கைமரங்கள் நீளத்தின் நடுப்பகுதியில் இரும்புபோல் இருந்தன. சுவரின் தலையில் வந்து குந்தும் முனைகள்தான் ஓட்டு ஒழுக்கில் ஊறி உக்கியிருந்தன. ஓடாவி அண்ணை ஒவ்வொரு மரத்தையும் சுத்தியலால் தட்டி, கூர்த்த ஆணியால் குத்திப் பார்த்தார். பதினேழு மரங்களின் முனைகளை மட்டும் சாய்வாக வெட்டி, அதே சாய்வில் புது வைரத்துண்டு பொருத்தி, மரமுளையும் போல்ட்டும் போட்டு இணைத்தார். ஆறு மரங்களே முழுதாக மாற்ற வேண்டியவை. அவற்றுக்கு முறைப்படி அனுமதி எடுத்து, ஊரவர் ஒருவர் தம் காணியில் மூன்று பனைகள் தந்தார். அடிமரத்தை ஆப்பு வைத்துப் பிளந்து, உள்ளிருக்கும் மெதுவான நார்ப்பகுதியை வாய்ச்சியால் செதுக்கி எறிந்தோம்.

அறுப்பதற்கு முன் அண்ணை செய்த ஒரு காரியத்தை நான் மறக்கவே மாட்டேன். பழைய ஒலிபெருக்கி ஒன்றின் காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் நான்கு முகங்களிலும் அங்குலம் அங்குலமாகக் கொண்டுபோனார். சில இடங்களில் நூல் சரிந்து காந்தம் மரத்தில் ஒட்டியது. அங்கே உளி வைத்துத் தோண்டினால் எறிகணைச் சிதறல். நகத்தளவு, சில வேளை பெருவிரலளவு. மரம் அதைச் சுற்றிக் கறுத்திருந்தது. பதினொரு மரங்களிலிருந்து ஒரு பால்மாப் பேணி நிறைய எடுத்தார். அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. செம்பு உறை போட்ட சன்னம், காந்தத்துக்குப் பிடிபடவில்லை. வாளின் ஏழு பற்கள் போயின. அண்ணை வாளைக் கீழே வைத்துவிட்டு, வெட்டுப்பட்ட சன்னத்தை எடுத்துச் சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு அதையும் பேணிக்குள் போட்டார். அந்தப் பேணி இப்போது வாசிகசாலை அலுமாரியில் இருக்கிறது.

சித்திரையில் இரண்டு முறை பின்னேர மழை பிடித்தது. நெல் காயவிடும் தறப்பாள்களை எல்லா வீடுகளிலிருந்தும் வாங்கி மூடினோம். சித்திரை முடிவதற்குள் கடைசி முகட்டோடும் ஏறியது.

இனிச் சுண்ணாம்பு. இதில்தான் நாங்கள் பிழைவிட்டோம், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். யாழ்ப்பாணப் பக்கச் சூளையொன்றிலிருந்து சுட்ட சுண்ணாம்புக்கல் எடுத்து வந்தோம். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் ஒரேயொருவர்: எழுபத்தெட்டு வயதான மேசன் அப்பு. நாற்பது வருடமாக அவரும் சீமெந்துதான் பூசியிருக்கிறார். தகப்பனோடு போன சின்ன வயதுப் பழக்கம்தான் முதல். மண்டபத்தின் பின்னால் குழி வெட்டி, செங்கல் பதித்து, முதலில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். தண்ணீருக்குள் கல்லைப் போட வேண்டும், கல்லின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் வெடித்து முகத்தில் அடிக்கும். கல் விழுந்ததும் குழி உலைபோல் கொதித்தது. கண்ணாடி, நீளக்கைச் சட்டை, பக்கத்தில் இரண்டு வாளி நல்ல தண்ணீர், இவை இல்லாமல் ஒருவரையும் அருகே விடவில்லை. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

நீறிய சுண்ணாம்பின்மேல் எப்போதும் நான்கு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். குறைந்தது இரண்டு மாதமாவது கிடக்கட்டும் என்றார் அப்பு. எங்களுக்கோ அவசரம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீர் விளக்கெரியத் தொடங்கினால் எங்கள் வீதியில் சனம் ஓயாது. அதற்குள் மேற்குச் சுவராவது வெள்ளையாக நிற்க வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். மூன்றாவது கிழமையே சுண்ணாம்பை வெளியே எடுத்தோம். அப்பு ஒன்றும் பேசவில்லை, வேலையை மட்டும் செய்தார்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். ஆற்றுமணல், கழுவி அரித்தது. கடல்மணல் கூடவே கூடாது, உப்பை நாமே சுவருக்குள் வைத்ததாகிவிடும். முதற்பூச்சுக்குத் தென்னந்தும்பைச் சிறிதாக நறுக்கிக் கலந்தோம். பூசியதும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிழமை சோழகக் காற்று எழும்பிவிட்டது. மேற்குச் சுவர் முழு வெயிலையும் காற்றையும் வாங்கி இரண்டே நாளில் உலர்ந்தது. சுண்ணாம்பு உலர்வதால் இறுகுவதில்லை. ஈரமாக இருக்கும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. ஈரம் பறிபோன பூச்சு விரலால் உரசினால் திருநீறுபோல் உதிர்ந்தது. போதாததற்கு, முற்றாக நீறாத துணிக்கைகள் பூச்சுக்குள் இருந்தபடி பிறகு நீறி, கொப்புளம் கொப்புளமாகத் தெறித்தன. எண்பது சதுர அடி. பொங்கலுக்குப் போன சனம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் போனது.

அதை முழுவதும் சுரண்டி எடுத்தோம். ஆடி பிறக்கும்வரை குழியைத் திறக்கவில்லை. மறுபடி திறந்தபோது அப்பு சாந்தகப்பையை உள்ளே விட்டு இழுத்தார். கட்டித் தயிரை வெட்டியதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது, தகட்டில் ஒரு பொட்டும் ஒட்டவில்லை. “இப்போது சரி, தம்பி” என்றார். முன்பு அவர் வாய்திறக்காமல் இருந்ததற்கும் சேர்த்து அந்த ஒரு சொல் எனக்குச் சுட்டது. இம்முறை விடியற்காலையிலும் பின்னேரத்திலும் மட்டும் பூசினோம். சுவரை முதலில் நன்றாக நனைத்தோம். அரை அங்குலத்துக்குக் குறைவாக இரண்டு பூச்சு, இடையில் பன்னிரண்டு நாட்கள். வளையிலிருந்து கயிறு கட்டி நெற்சாக்குகளைத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று முறை தண்ணீர் தெளித்தோம். மாதர் சங்கத்தவர்கள் முறை வைத்து இதைப் பார்த்தார்கள். ஒரு முறையும் தவறவில்லை. சுவரைக் காப்பாற்றியது மேசன் கையைவிட அந்தச் சாக்குகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்சுவரின் கடைசிப் பூச்சுக்குத் தன் தகப்பன் செய்தபடி பனங்கட்டி கரைத்த தண்ணீர் வேண்டும் என்றார் அப்பு. அந்தச் சுவருக்கு மட்டும் சேர்த்தோம். இரண்டு விதமும் எப்படி நிற்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மாவாகியிருந்த அடிக்கற்களை அதற்கு முன்பே மாற்றியிருந்தோம், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கல்லுக்கு மேல் கழற்றாமல், இடம் விட்டு இடம். யன்னல்களுக்குப் புதுப் பிணைச்சல். மின்கம்பிகள் முழுவதும் புதியவை. சிவப்புச் சீமெந்துத் தளத்தைக் கழுவியதோடு சரி. மேடைக்கு முன்னால் கூத்தர்கள் ஆடி ஆடித் தேய்ந்த வட்டம் ஒன்று இருக்கிறது. அதை நிரவ நான் சம்மதிக்கவில்லை.

சுவர்க்குழிகளைப் பற்றித்தான் பெரிய விவாதம் வந்தது. சிலர் எல்லாவற்றையும் அடைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் தினமும் அதைப் பார்த்து வளர வேண்டுமா என்று ஒரு தாய் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. நீர் இறங்கக்கூடிய குழிகள் அனைத்தையும் அடைத்தோம். விறாந்தைக்குள், மழை படாத இடத்தில், நான்காம் தூணுக்குப் பின்னால் உள்ள ஐந்து குழிகளை மட்டும் பூசாமல் விட்டோம். அந்தத் தாயும் அதற்கு உடன்பட்டார். அவருடைய மகன் கடைசியாகப் பத்திரிகை வாசித்த வாங்கு அந்தத் தூணடியில்தான் கிடந்தது.

புரட்டாதியில் மூன்று கை வெள்ளையடித்தோம், சிறிது நீலம் கலந்து. உட்சுவரில் அந்தப் பன்னிரண்டு கரிக்கோட்டு இடங்களிலும் ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளை அடிக்கவில்லை. பழைய திகதிகள் அப்படியே இருக்கின்றன.

ஐப்பசி மழை வந்தது. பின்சரிவில், இரண்டு இன ஓடுகள் சந்திக்கும் வரிசையில், இரண்டு இடங்களில் ஒழுகியது. மழை விட்டதும் ஏறிச் சரிசெய்தோம். கார்த்திகையில் வடிகால் நிரம்பி ஓடியதே தவிர சுவரடியில் நீர் நிற்கவில்லை. மேற்குச் சுவரில் போன மார்கழியில் மூன்றடி இரண்டு அங்குலத்தில் நின்ற ஈரம் இந்த மார்கழியில் பதினொரு அங்குலத்தில் நிற்கிறது. கிழக்கில் ஐந்து அங்குலம். வடக்குச் சுவரில்தான் இன்னும் ஒன்றரை அடி. அங்கே வடிகாலின் சரிவு போதாது. தையில் மறுபடி வெட்ட வேண்டும்.

மிஞ்சிய சுண்ணாம்பு குழியிலேயே கிடக்கிறது, மேலே நான்கு விரல் தண்ணீரோடு. பலகை மூடியில் பூட்டுப் போட்டு, திறப்பை மாதர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், கரித்துண்டெடுத்துச் சுவரில் கோடிடுவதும் இப்போது அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் வேலை. போன கிழமை அவள் திகதியோடு நேரத்தையும் எழுதியிருந்தாள்.